வக்கீலுக்குப் பின்னால் வந்தவர்

இருபத்தெட்டு வருஷ வக்கீல் தொழிலில் கமலக்கண்ணன் யாரையும் பகைத்துக்கொண்டதில்லை. ஆந்திரப் பக்கத்துச் சித்தூர் கோர்ட்டில் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிணற்றில் பங்கு என்றால் அவரிடம் போவார்கள். ஆளை வெட்டியது, கடையை எரித்தது என்று யாராவது வந்தால், "அதெல்லாம் நம்மால ஆகாதுப்பா" என்று பக்கத்து மேஜை தனசேகரைக் காட்டிவிடுவார். நகரியில் எட்டுப் பவர்லூம் ஓடிய வீட்டில் பிறந்தவர். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருடைய அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் தொண்டை பெரிதாகிவிட, இவர் மட்டும் கத்தி என்ன ஆகப்போகிறது என்று சின்ன வயதிலேயே விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் சின்னசாமியின் வழக்கு வந்து விழுந்தது.

வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்காக அரசு செலவில் வாதாடுகிறவர்கள் பட்டியல் ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று அதில் பெயர் கொடுத்துவிட்டுக் கமலக்கண்ணன் மறந்தே போயிருந்தார். தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று கடிதம் வந்தபோது பட்டியலில் அவருக்கு மேலே ஐந்து பேர் இருந்தார்கள். வழக்கு என்ன என்று தெரிந்ததும் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருவருக்கு மைத்துனி மகள் கல்யாணம் வந்தது. தனசேகருக்குத் திடீரென்று தமிழ் மறந்துபோனது. ஆறாவது ஆளான கமலக்கண்ணனுக்குச் சாக்கு சொல்லிப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அது செம்மர வழக்கு. சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டிக் கடத்துகிறவன் என்றால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் ஆகாது. பேப்பரில் படம் போடுவார்கள். டிவியில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அவனுக்காக வக்காலத்து போடுகிற வக்கீலையும் சேர்த்தே திட்டுவார்கள். போலீஸ் அறிக்கைப்படி, ஜவ்வாது மலையைச் சேர்ந்த சின்னசாமி, வயது இருபத்தொன்பது, அதிகாலை ஐந்து மணிக்குக் காட்டுக்குள் கோடாலியோடு பிடிபட்டான். பிடிக்கப்போன அதிகாரிகள் மேல் கல் எறிந்தான். பிடித்தது வனவளக் கண்காணிப்புத் தனிப்பிரிவு என்கிற புதுப் படை. ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தது.

கமலக்கண்ணன் திருப்பதிக்குப் போய் ஜெயிலில் சின்னசாமியைப் பார்த்தார். மொட்டைத் தலை. வெளியே அவன் மனைவி மோனிகா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை, அதற்கும் மொட்டை.

"அஞ்சு மணிக்கு இவரு காட்டுல இல்ல சார்," என்றாள் அவள். "திருப்பதி மலைமேல மொட்ட போட்டுகினு இருந்தாரு. புள்ளைக்கு வேண்டுதல். சாமி பாத்துட்டு கீழ எறங்கி, பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிகினு இருந்தோம். பதினோரு மணி இருக்கும். ஜீப்புல வந்து இவர மட்டும் இட்டுகினு போய்ட்டாங்கோ. ஏன்னு கேட்டேன். தமிழாளுதானன்னு கேட்டாங்கோ. ஆமான்னேன்."

ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே திருமலையிலிருந்து கீழே இறங்கிய பஸ் டிக்கெட் இரண்டு. தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருந்தது: காலை ஒன்பது நாற்பது.

கமலக்கண்ணன் போலீஸ் அறிக்கையோடு இணைத்திருந்த போட்டோவைப் பார்த்தார். கையில் கோடாலியைக் கொடுத்து நிற்கவைத்திருந்தார்கள். தலையில் பூசிய சந்தனம் இன்னும் அப்படியே இருந்தது. ஏதோ ஆள் மாறாட்டம் நடந்துவிட்டது. எடுத்துச் சொன்னால் ஐயோ தப்பு நடந்துபோச்சே என்று விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். இருபத்தெட்டு வருஷம் வரப்புத் தகராறிலேயே இருந்தவருக்கு அப்படித்தான் தோன்றும்.

தனிப்பிரிவு இன்ஸ்பெக்டர் முனிகிருஷ்ணனுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். டிக்கெட்டுகளின் நகலை இணைத்தார். "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று முடித்தார்.

மேலான கவனம் மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது.

எதிர்வீட்டுப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. அங்கே பெஞ்சில், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். சாதாரணச் சட்டை, சாதாரணப் பேன்ட். காலில் மட்டும் போலீஸ்காரர்கள் போடும் பழுப்பு பூட்ஸ். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாளும் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கமலக்கண்ணனின் மனைவி அம்சவேணி கேட்டைத் திறந்துகொண்டு நேராகப் போனாள்.

"யாருங்கண்ணா வேணும்?"

"யாரும் இல்லமா. வாடகைக்கி ரூம் பாத்துகினு இருக்கேன்."

"மூணு நாளா எங்க வீட்டையே பாத்துகினு இருக்கீங்கோ. இது வாடகைக்கி இல்ல."

அந்த ஆள் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். "பரவால்லமா," என்றார்.

நான்காம் நாள் கமலக்கண்ணன் திருப்பதிக்குப் பஸ் ஏறினார். மாங்காய் சீசன். பழக்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன, பஸ் நகரவில்லை. பூட்ஸ் ஆள் பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்கோ. நா துலுக்காணம். ஹெட் கான்ஸ்டபிள். சத்தியவேடு பக்கம் நம்ம ஊரு. உங்க பின்னாலதான் வந்துகினு இருக்கேன்."

"தெரியுமே," என்றார் கமலக்கண்ணன். மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுதான். ஆனா மொழங்கால்ல தேய்மானம் சார், டாக்டரு நடக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. ஆபீசுல தமிழ் சரியா தெரிஞ்சவன் நா ஒருத்தன்தான். நீங்க வூட்ல, போன்ல தமிழ்ல பேசுவீங்களாம், அதனால என்னிய போட்டுட்டாங்கோ. நீங்க கொஞ்சம் மெதுவா நடந்தா புண்ணியமா போகும். எங்க போறீங்கோன்னு காலைலயே சொல்லிட்டீங்கன்னா இன்னும் சௌகரியம்."

கமலக்கண்ணன் யோசித்துப் பார்த்தார். சொல்லாவிட்டாலும் வரத்தான் போகிறார். அன்றிலிருந்து காலையில் கேட்டருகே நின்று, "பத்தரைக்கு கோர்ட்டு, நாலு மணிக்கு மார்க்கெட்டு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. துலுக்காணம் எழுதிக்கொள்வார். எழுத்தில் அவர் கெட்டிக்காரர். நிமிஷம் பிசகாது, அடித்தல் திருத்தல் இருக்காது. வெயில் ஏறினால் அம்சவேணி மோர் அனுப்புவாள். அதையும் எழுதிக்கொள்வார்.

ஆனால் எல்லாரும் அதை இப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு முன்னால் போலீஸ் உட்கார்ந்திருக்கும் வக்கீலிடம் பாகப்பிரிவினைக்கு யார் வருவார்கள்? ஒருவர் தன் பத்திரங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று வாங்கிப் போனவர் திரும்பவே இல்லை. இன்னொருவர் போனில், "சார், எங்க அண்ணன் தம்பிக்குள்ள சமாதானம் ஆய்டுச்சி" என்றார். அவருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, வழக்கே சித்தப்பா மேல். தனசேகர் தன் மேஜையை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். "காத்து வரமாட்டேங்குது, அதான்" என்றார். பெயர் சொல்லாத ஒரு ஆள் தினமும் மதியம் போன் பண்ணினார். தெலுங்கில், மிகவும் பணிவாக, வக்கீல் சாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, குடும்பம் சௌக்கியமா, ரோட்டைக் கடக்கும்போது பார்த்துக் கடக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். பெற்ற தாய்கூட அவ்வளவு தவறாமல் விசாரித்ததில்லை.

மகள் ஹரிதாவின் விஷயத்தில்தான் உண்மையாகவே அடி விழுந்தது. அவள் நர்ஸ். வேலூரில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி, அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். பாஸ்போர்ட் வரவேண்டியதுதான் பாக்கி. போலீஸ் விசாரணை முடியவில்லை என்று மூன்று முறை பதில் வந்தது. நான்காவது முறை, முகம் தெரியாத ஒரு ஆள் அவளுக்கே போன் செய்து, "உங்க நைனா எப்ப அந்த கேச விடறாரோ அப்ப முடியும்மா" என்று சொல்லிவிட்டான்.

ஹரிதா அன்று சாயங்காலமே வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரு நைனா அந்த சின்னசாமி? ரெண்டு வருசம் ராப்பகலா படிச்சேனே, அப்ப அவனா பக்கத்துல இருந்தான்?"

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா. டிக்கெட்டு இருக்குது."

"எனக்கு டிக்கெட்டு இல்ல நைனா. இருபத்தேழாம் தேதிக்குள்ள பாஸ்போர்ட்டு குடுக்கலன்னா அந்த எடத்த வேற ஆளுக்கு குடுத்துடுவாங்கோ."

அம்சவேணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கமலக்கண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

அவர் வீரர் அல்ல. அப்படி என்றைக்கும் சொல்லிக்கொண்டதும் இல்லை. மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாக மனு டைப் செய்தார். காரணம் என்கிற இடத்தில் "உடல்நிலை" என்று போட்டார். பொய்யும் இல்லை. ஒரு மாதமாகத் தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து, வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வெடித்து, கன்னம் வீங்கிக்கிடந்தது. வெள்ளிக்கிழமை திருப்பதியில் வாய்தா. அன்று மனுவைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பஸ்ஸில் போகும்போது சின்னசாமியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை காலை பல்லைப் பிடுங்கப் போனார். அம்சவேணி நகரியில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். ஹரிதா வேலூர் திரும்பிவிட்டாள். துலுக்காணம்தான் கூட வந்தார். வழக்கம்போலப் பின்னால் வந்தவர், வலியில் இவர் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

பல் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம். கமலக்கண்ணனைப்போல் பிளட் பிரஷர் இருக்கிறவர்களுக்குக் கூட வந்தவர் கையெழுத்துப் போட்டால்தான் ஊசி போடுவார்கள். நர்ஸ் படிவத்தை நீட்டினாள். துலுக்காணம் திகைத்து நின்றார்.

"நா கூட வரலமா. பின்னால வந்தேன்."

"பின்னால வந்தாலும் கூட வந்ததுதான். போடுங்க சார், டாக்டர் வெயிட்டிங்."

பெயர் எழுதினார். போன் நம்பர் எழுதினார். தேதி, நேரம் பதினொன்று ஐந்து என்று எழுதினார், அது அவருக்குப் பழக்கமான வேலை. நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. வெகுநேரம் யோசித்து, "டூட்டி" என்று எழுதினார்.

பல் லேசில் வரவில்லை. ஒரு மணிநேரம் ஆயிற்று. வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்த கமலக்கண்ணனை ஆட்டோவில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டு, இளநீர் வாங்கிக் கொடுத்து, எதிரே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் எழுதினார் துலுக்காணம்.

இன்னும் இரண்டே நாள் பேசாமல் இருந்திருந்தால் தனிப்பிரிவு ஜெயித்திருக்கும். ஆனால் வெற்றிக்குப் பக்கத்தில் வந்த ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். வக்கீல் கமலக்கண்ணன் மேலேயே வழக்கு. புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்குப் புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், சின்னசாமி வழக்கில் சாட்சியான வனக்காவலர் ஒருவரை, ஊரே கூடும்படி உரத்த குரலில், காதுகொடுத்துக் கேட்கமுடியாத கெட்ட வார்த்தைகளால் திட்டி, சாட்சி சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டினாராம். உடனே விசாரணைக்குத் திருப்பதிக்கு வரவேண்டுமாம்.

கமலக்கண்ணன் அதை மூன்று முறை படித்தார். உரத்த குரல் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றார்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் தனிப்பிரிவு அலுவலகத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் முனிகிருஷ்ணன் நல்ல சிவப்பு, நெற்றியில் நாமம், சிரித்த முகம். எழுந்து நின்று கை கூப்பி, "ரண்டி சார், ரண்டி" என்று நாற்காலியைக் காட்டினார். காபி வரவழைத்தார்.

"நீங்க பெத்தவாளு, பெரிய மனுசங்க. உங்களப்போல ஆளுங்க ஸ்டேஷன் படி ஏறலாமா சார்? எனக்கே மனசு கஷ்டமா இருக்குது. எதுக்கு இந்த தொங்க பசங்க, திருட்டுப் பசங்க கேசு? நிம்மதியா பாகப்பிரிவினை பாத்துகினு இருங்க. உங்க பாப்பா பாஸ்போர்ட்டு நாளைக்கே வந்துடும், இதுவும் ஒண்ணுமில்லாம போய்டும்."

பேசிக்கொண்டே மேஜைமேல் ஒரு தடித்த ஃபைலைத் தட்டினார். "எங்களுக்கு உங்களப் பத்தி எல்லாம் தெரியும் சார். அந்தா தெலுசு." தெரியும் என்பதைக் காட்டுவதற்காக ஃபைலைத் திறந்து அவர் பக்கம் லேசாகத் திருப்பியும் வைத்தார்.

கமலக்கண்ணன் எட்டிப் பார்த்தார். முத்து முத்தான தெலுங்கு எழுத்து. நாற்பது நாள் வாழ்க்கை அங்கே இருந்தது. பதினான்காம் தேதி, 4.20, பாகற்காய் அரை கிலோ வாங்கினார். மனைவி திரும்பக் கொடுத்து வரச் சொன்னார். பதினேழாம் தேதி, 6.05, மொட்டைமாடியில் தனியாக நின்றார்; காரணம் தெரியவில்லை. காரணம் இவருக்கே மறந்துபோயிருந்தது. யாரோ தன்னை இவ்வளவு அக்கறையாகக் கவனித்திருக்கிறார்களே என்று ஒரு கணம் படித்துக்கொண்டே போனார். வக்கீல் புத்தி அப்புறம்தான் விழித்தது.

"புதன்கிழமை பக்கத்தைக் கொஞ்சம் திருப்புறீங்களா?" என்றார். வீங்கிய வாயால் பேச்சு குழறியது.

"ஏமி சார்?"

"புதன்கிழமை."

முனிகிருஷ்ணன் சிரித்தபடியே திருப்பினார். படித்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கழற்ற மறந்த சட்டைபோல் இருந்தது. 11.05, பல் ஆஸ்பத்திரி. 12.10, பல் எடுக்கப்பட்டது. கீழ் வலது. வாயில் பஞ்சு, பேச இயலவில்லை. 12.40, வீடு.

அந்த அலுவலகத்தில் ஒரு அறையில் இருந்தவர்கள் பொய் வழக்கு எழுதிக் கமலக்கண்ணனைப் புத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்கள் அவரைப் பல் டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான்.

"நான் எங்கே இருந்தேன் என்று நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிவிடுங்கள்," என்றார் கமலக்கண்ணன். பயத்தில் பேச்சு எழுத்துத் தமிழாகவே வந்துவிட்டது. "புத்தூரில் என்றால் இந்த ஃபைல் பொய். இந்த ஃபைல் நிஜம் என்றால் வழக்கு பொய்."

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "ஏ ஃபைலு?" என்று கேட்டார்.

"இப்போது பூட்டினீர்களே."

"ஃபைலே இல்ல சார். உங்கள யாரும் ஃபாலோ பண்ணல. ஒரு வக்கீல ஃபாலோ பண்றது சட்டப்படி தப்பு இல்லையா? நாங்க அப்படி செய்வோமா?" காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "ஆறிப் போகுது, குடிங்க."

கமலக்கண்ணன் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து கோர்ட்டுக்கு நடந்தார். பையில் இருந்த விலகல் மனுவை எடுத்துக் கொடுக்கவேண்டிய நேரம் வந்தபோது, எழுந்து நின்று, ஜாமீன் மனுவை வாதாட அடுத்த வெள்ளி வரை அவகாசம் வேண்டும் என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று அம்சவேணி பின்னால் கேட்டபோது, "பொய்யில என் கொரல பெருசாக்கிட்டாங்கோ அம்சு. அது எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சி," என்றார்.

அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "பஞ்ச மாத்தணும், வாயத் தெறங்கோ" என்றாள். ஹரிதாவுக்கு அவளே போன் செய்து பேசினாள். ஹரிதா பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமையிலிருந்து பஞ்சர் கடை பெஞ்ச் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை துலுக்காணம் வந்தார். எதிரே உட்காரவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்து, அலுவலக அறை வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

"சார், எனுக்கு ஒரு வக்கீல் வேணும்."

கையில் ஒரு மெமோ. தனிப்பிரிவு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. புதன்கிழமை கமலக்கண்ணன் புத்தூருக்குப் போனது நிஜம். ஹெட் கான்ஸ்டபிள் துலுக்காணம் கவனக்குறைவால் அவரைத் தவறவிட்டுவிட்டு, எங்கேயோ தூங்கிவிட்டு, பொய்க் குறிப்பு எழுதினார். ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் பதில் சொல்லவேண்டும்.

"தவற விட்டேனாம் சார்!" துலுக்காணத்துக்கு உதடு துடித்தது. "இருபத்தொம்போது வருசம். எத்தினி பேரு பின்னால போய்க்கிறேன் தெரியுமா? ஒருத்தன தவற விட்டது இல்ல. மொழங்கால் போனப்பறமும் தவற விடல. தூங்கனேன்னு எழுதிக்கிறான் சார், நேத்து வந்த பையன்!"

"நான் எப்படி உங்களுக்கு வாதாட முடியும்? உங்க டூட்டியே நான்தானே."

"உங்களுக்குத்தான சார் தெரியும், நா தூங்கல்லன்னு."

கமலக்கண்ணன் அவரை உட்காரவைத்தார். இருவரும் மத்தியானம் வரை பதில் எழுதினார்கள். துலுக்காணம் சொல்லச் சொல்ல இவர் சட்டத்துக்குப் பொருந்த எழுதினார். இவர் ஏதாவது விட்டுவிட்டால் அவர் நோட்டைப் பார்த்துத் திருத்தினார். நாற்பது நாள் நாள்வாரியாக வந்தது. யார் உத்தரவில், எந்தத் தேதியிலிருந்து, எந்த வக்கீலைப் பின்தொடர்ந்தார் என்பது முதல் பாராவிலேயே இருந்தது. அதில்லாமல் மற்றது புரியாது. இணைப்பாகப் பல் ஆஸ்பத்திரிப் படிவத்தின் நகல். இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கமலக்கண்ணன் இரண்டு தடவை எச்சரித்தார்.

"ஆவறது ஆவட்டும் சார். தூங்கனேன்னு மட்டும் ரெக்கார்டுல இருக்கக் கூடாது."

துலுக்காணம் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிவந்தார். மெமோ, பதில் இரண்டுக்கும் நகல் எடுத்து, கோர்ட்டில் காட்டிக்கொள்ளலாம் என்று கைப்பட எழுதிக் கமலக்கண்ணனிடம் தந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பதி கோர்ட்டில் இரண்டு மனு: சின்னசாமிக்கு ஜாமீன், கமலக்கண்ணனுக்கே முன்ஜாமீன். தன் வழக்கைத் தானே வாதாடினார். அரசு வக்கீல் எழுந்து, யாரையும் யாரும் கண்காணிக்கவில்லை, இதெல்லாம் கற்பனை என்றார். கமலக்கண்ணன் மெமோவையும் துலுக்காணத்தின் பதிலையும் கொடுத்தார். நீதிபதி கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

"கண்காணிப்பே இல்லை என்கிறீர்கள்," என்று தெலுங்கில் கேட்டார் நீதிபதி. "அப்புறம் எந்தக் கண்காணிப்பில் கவனக்குறைவு என்று இந்த மனிதருக்கு மெமோ கொடுத்தீர்கள்?"

அரசு வக்கீல் பின்னால் திரும்பினார். முனிகிருஷ்ணன் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசாரித்துச் சொல்ல அவகாசம் வேண்டும்."

"எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே இந்தப் படிவத்தில் 'உறவு: டூட்டி' என்று இருக்கிறதே, அதையும் விசாரியுங்கள்." கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பஸ் டிக்கெட்டுகளையும் சந்தனத் தலைப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தார். காட்டுக்குள் சந்தனம் பூச ஆள் உண்டா என்று கேட்டார். அதற்கும் அவகாசம் கேட்டார்கள்.

அன்றைக்கே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு வாய்தா போயிற்று. சின்னசாமிக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. கமலக்கண்ணன் மேல் போட்ட வழக்கு, தகவல் பிழையால் பதிவானது என்று மூடப்பட்டது. துலுக்காணத்தின் மெமோ திரும்பப் பெறப்பட்டது, ஏனென்றால் அவர் யாரையும் பின்தொடரவே இல்லை என்பது அரசின் முடிவு. நாற்பது நாளும் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு வரி வேண்டியிருந்தது. "விடுப்பு" என்று போட்டு, அத்தனை நாளையும் அவருடைய லீவில் கழித்தார்கள். பிறகு மாவட்டத்தின் மறுகோடியில் ராமகுப்பத்துக்கு மாற்றினார்கள். முனிகிருஷ்ணனுக்குச் சிறப்பான பணிக்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

துலுக்காணம் ராமகுப்பத்திலிருந்து ஒருநாள் போன் பண்ணினார். "இங்க பட்டுப்பூச்சி வளக்கறாங்கோ சார். அதுங்க எங்கியும் போறது இல்ல. காலுக்கு நல்லா இருக்குது." வைக்கப்போகும்போது, "தூங்கனேன்னு ரெக்கார்டுல இல்ல. லீவுன்னுதான் இருக்குது. அதான் மனசுக்கு ஒரு மாதிரி," என்றார்.

ஹரிதாவின் பாஸ்போர்ட் வந்தபோது இருபத்தேழாம் தேதி தாண்டி மூன்று வாரம். அயர்லாந்துக்காரர்கள் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுப்பார்களாம். அவள் இரண்டு மாதம் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது, சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே, "அந்த கொழந்தைக்கு இன்னா பேரு நைனா?" என்று கேட்டாள்.

"எந்த கொழந்தம்மா?"

"மொட்ட போட்டாங்களே, அது."

கமலக்கண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவில்லை. "கேட்டுச் சொல்றேன்மா," என்றார்.

பாகப்பிரிவினைக்காரர்கள் திரும்பி வரவில்லை. பத்திரங்களை வாங்கிப்போனவர் தனசேகரிடம் சேர்ந்துவிட்டார். அவர்களுக்குப் பதிலாக ஒரு திங்கட்கிழமை காலையில் மோனிகா நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். எல்லாரும் ஜவ்வாது மலை. ஒவ்வொருத்தி கையிலும் மடித்து மடித்துக் கிழிந்த போலீஸ் காகிதம். ஒருத்தியின் புருஷன் பதினான்கு மாதமாக உள்ளே இருந்தான். எதற்கு என்று அவளுக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை.

எதிரே பஞ்சர் கடை பெஞ்சில் இரண்டு புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளவட்டம், காலில் சாதாரணச் செருப்பு. முன்னேற்றம்தான். கமலக்கண்ணன் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். தனக்கு முதுகு வலி என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார்.

அம்சவேணி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். வந்தவர்களை எண்ணினாள். உலையில் இன்னும் இரண்டு படி அரிசியைப் போட்டுவிட்டு, கூடத்திலிருந்து பாயை எடுத்துவந்து விரித்தாள்.

கமலக்கண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினான்கு மாதக்காரியின் காகிதத்தை முதலில் வாங்கினார். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் புருஷன் பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.